தண்ணீர் ஊற்றாதே

காவேரிப்பட்டணம் அரசு மருத்துவமனையில்
ஜெனரேட்டர் அறை இருப்பது
பிரசவ வார்டுக்குப் பின்னால்,
பிணவறைக்கு முன்னால்.
நடுவே மூடியில்லாத ஒரு சாக்கடை.
அது எங்கே போகிறதென்று யாரும் கேட்டதில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
அதன் கூடவே நடந்து பார்த்தேன்:
டீக்கடை, லாரி ஷெட், மாங்கூழ் ஆலையின் சுவர்,
அப்புறம் தென்பெண்ணை.

அன்றைக்கு ராத்திரி ஒன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
மழை வரவில்லை, வாசம் மட்டும் வந்திருந்தது.
எந்திரம் ரெண்டு தரம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.
வார்டுக்குள் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.
நெடுங்கல்காரி. தலைப்பிரசவம்.

டார்ச்சை அடித்தபோது
தரை மினுங்கியது.
டேங்குக்குத் திரும்பும் குழாயில் கிளிப்பு நழுவி
டீசல்
அவசரமே இல்லாமல்
ஒரு பூனை நடக்கிற மாதிரி
சாக்கடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

எந்திரத்தை நிறுத்தலாம்.
நிறுத்தினால் உள்ளே இருட்டு.
"தலை தெரியுது" என்று நர்ஸ் ஜெபக்கனி சொன்னது
சுவர் தாண்டிக் கேட்டது.

வாட்ச்மேன் மாதேஷ் வாளியோடு ஓடிவந்தான்.
அவனைக் குற்றம் சொல்ல முடியாது.
ரத்தம், வாந்தி, பனிக்குடம், செத்த எலி,
இந்தக் கட்டடத்தில் எதற்கும்
தண்ணீர்தான் பதில்.
"ஊத்தாதே!"
என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.
"ஊத்துனா ஆத்துக்குப் போயிடும்டா."
வாளி அந்தரத்தில் நின்றது.
பாதித் தண்ணீர் அவன் பேண்ட்டில்.

திம்மக்கா எதுவும் கேட்கவில்லை.
துவைத்துக் காயப்போட்டிருந்த
வார்டு ரப்பர் ஷீட்டை உருவி
சாக்கடை வாயில் திணித்தாள்,
மேலே கல், கல்லின் மேல் அவள் கால்.
"நீ கொழாயப் பாரு."

கையுறை ஒன்றை முறுக்கிக் கட்டினேன்.
டீசல் ரப்பரைத் தின்னும்.
ஆனால் மெதுவாகத் தின்னும்.
அந்த மெதுவை நம்பித்தான்
முழங்கால் நனைய உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்துக்கென்று வாங்கி
செடியே வைக்காமல் அடுக்கியிருந்த
தென்னை நார்க்கழிவு ஏழு மூட்டை.
மாதேஷ் கிழித்துக் கொட்டினான்.
ஓரத்திலிருந்து உள்ளே, வட்டமாக.
பழுப்பு கருப்பானது.
மினுக்கம் அடங்கியது.
ஜன்னல்களை அடைத்து
பீடி பற்றவைத்த ஒரு புருஷனை
கேட்டுக்கு வெளியே அனுப்பியதும் அவன்தான்.

ரெண்டு நாற்பதுக்கு அழுகைச் சத்தம்.
புதுசு, சின்னது, கோபமானது.
ரெண்டு ஐம்பதுக்குக் கரண்ட்.
மூன்று மணிக்கு மழை.

விடிந்ததும் சிந்தியதை அள்ளிக் கட்டினோம்.
கட்டிய பிறகுதான் பிரச்சினை.
மஞ்சள் பைக்கு ஒரு குப்பை, சிவப்புக்கு ஒரு குப்பை,
ஊசிக்கு வெள்ளை, கண்ணாடிக்கு நீலம்.
எங்கள் மூட்டைக்கு நிறமே இல்லை.
பதினோரு நாள் மூலையில் கிடந்தது,
யாருடைய பிணமும் இல்லாத பிணம் மாதிரி.

விசாரணைப் படிவத்தில் ஒரு கட்டம்:
சிந்திய அளவு, லிட்டரில்.
முப்பது என்று எழுதினேன்.
ஆற்றுக்குப் போனது எவ்வளவு என்று
கட்டம் இல்லை.
தெரியாது என்று ஓரத்தில் எழுதினேன்.
கல்லுக்கடியில் கொஞ்சம் கசிந்திருக்கும்.
திம்மக்கா இல்லையென்கிறாள்.
மழை எதையும் சொல்லவில்லை.

டேங்கைச் சுற்றித் தொட்டிச்சுவர் கேட்டு
மூன்று கடிதம் போட்டிருந்தேன்.
நாலாவதற்கு முன்பே கொத்தனார் வந்துவிட்டார்.
"எவ்ளோ ஒசரம் வேணும்?"
டேங்க் முழுசாகக் கவிழ்ந்தாலும்
ஒரு சொட்டு தாண்டக்கூடாது,
அதுக்கு மேலே ஒரு கல் கூட என்றேன்.
சிரித்தார். "டேங்கு கவிழுமா?"
கிளிப்பைக் காட்டினேன்.
நாற்பது ரூபாய்க் கிளிப்பு.
சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுண்ணாம்பில் கோடு போட்டார்.

நெடுங்கல்காரி போகும்போது
பிள்ளையைத் துண்டில் சுற்றி
பின்பக்க வழியாகத்தான் ஆட்டோ ஏறினாள்.
"இன்னாது, மண்ணெண்ணெ நாத்தம்?" என்றாள்.
"டீசலுங்க."
மூக்கை மூடிக்கொண்டாள்.
ஆட்டோ திரும்பியது
ஆற்றோரச் சாலையில்,
தண்ணீர் போகிற திசையில்.