சேதம் நிகழ்ந்த நாள்

லெவி துறையிலிருந்து கியூபெக்குக்குப்
படகில் பன்னிரண்டு நிமிடம்.
அந்த ஒரு கோடையில் குண்டுகளும்
இதே வழியாகத்தான் போயின.
அவற்றுக்குச் சீட்டு இல்லை, நேரமும் குறைவு.

டிசம்பர் பிறந்துவிட்டது. ஆற்றில் பனி இன்னும் இறுகவில்லை,
திரிந்த பாலாய் மிதக்கிறது.
என் பையில் அளவுநாடா, டார்ச்,
ஈரம் காட்டும் கருவி, டேப்லட்டில் பதினொரு பக்கப் படிவம்.
வெள்ளம், தீ, கூரையில் சேர்ந்த பனி, எலி:
மனிதர் இழப்பதையெல்லாம்
கட்டத்துக்குள் அடக்கி எழுதச் சம்பளம் வாங்குகிறேன்.

கீழ்நகரில் திருமதி கிஸ்லேன் ரொபிதாயின் நிலவறை.
கழிவுநீர்க் குழாய் மாற்றத் தோண்டியவர்கள்
கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார்களாம்.
தொண்ணூறு கிலோ இரும்பு,
பூசணிக்காய் உருண்டை,
திரி செருகும் துளையில் கரிய மண்.
"ராணுவத்தார் மணற்பெட்டியில் வைத்து
பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிப் போனார்கள்."
பள்ளம் அப்படியே இருக்கிறது.
பள்ளத்திலிருந்து உத்தரம்வரை ஏறும் விரிசலில்
என் சுண்டுவிரல் நுழைகிறது.

சேதம் நிகழ்ந்த நாள்? என்றது படிவம்.
ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பது எனத் தட்டினேன்.
ஆண்டு செல்லாது
என்றது, சிவப்பில்.

ஏழாம் பிரிவை வாசித்துக் காட்டினேன்:
போர், படையெடுப்பு, அந்நிய எதிரியின் செயல்
இவற்றால் வரும் இழப்புக்கு
நிறுவனம் பொறுப்பல்ல.

கிஸ்லேன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"போட்டவன் ஜெயித்தான்.
ஜெயித்தவன் எங்களுக்கும் ராஜா ஆனான்.
அவன் வம்சத்துத் தலை இன்னும் உன் சில்லறையில் கிடக்கிறது.
அந்நியன் என்று எந்தக் கையால் எழுதுவாய்?"

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.

"உனக்கு எந்த ஊர்?"
வந்தவாசி என்றேன். வான்-தா-வா-சீ
என்று சூடான உருளைக்கிழங்கைப் புரட்டுவதுபோல்
வாய்க்குள் புரட்டினாள்.
உங்கள் கோட்டை விழுந்து நாலு மாதம் கழித்து
எங்கள் ஊரில் அதே இரண்டு கொடி, அம்மா.
மதிலில் நாங்கள் கரியால் ஸ்டம்ப் வரைந்தோம்.
பரீட்சையில் அது ஐந்து மார்க்.

"நீங்கள் யார் பக்கம் நின்றீர்கள்?"

இரண்டு பக்கமும்.
ஒரு பக்கத்தில் சம்பளப் பாக்கி அதிகம்,
அவ்வளவுதான் வித்தியாசம்.
செத்தவர் கணக்கில் துரைமாருக்குப் பெயர் உண்டு,
எங்களுக்கு ஒரு தொகை,
அதுவும் ஏறக்குறைய.

மூலையில் விரிசலுக்கு நாடா பிடித்திருந்த பொறியாளன்
எதியேன் க்ரோ-லூயி, வெண்டாக்கேயிலிருந்து வருகிறவன்,
தலை நிமிராமலே சொன்னான்:
"நிலத்தின் உரிமையாளர் என்று ஒரு கட்டம் இருக்குமே,
அதை முதலில் நிரப்புங்கள்."
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு அவனே சிரித்தான்,
"நாலு மில்லிமீட்டர், மேலே ஆறு" என்றான்.

நான் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.
காரணம்: நீர்க்கசிவு.
பொய் இல்லை. இத்தனை வருஷத்தில்
அந்த வழியே தண்ணீரும் வந்துதான் இருக்கிறது.
நாள்: வேறு எதையும் ஏற்காததால்
இன்றைய தேதியை இட்டேன்.
பச்சையாய் ஒரு சரி விழுந்தது.

கிஸ்லேன் காபி தந்தாள். மேற்கொண்டு பேசவில்லை.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்ட படகில்
நகக்கண்ணில் சுண்ணாம்பு உறுத்துகிறது.
எதிர்க்கரையில் பீரங்கிகள் நின்ற மேட்டில்
இப்போது எங்கள் அடுக்கக வீடுகள்.
மூன்றாம் மாடி, இடமிருந்து இரண்டாவது ஜன்னல்:
காலையில் கிளம்பும் அவசரத்தில்
அணைக்க மறந்திருக்கிறேன்.