ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் ஒரு லிட்டர்

காற்று பட்டால்தான் ஆறும் இன்ஜின் என்னுடையது.
தண்ணீர் கிடையாது, விசிறி கிடையாது,
செவுள் செவுளாய் அலுமினியம்,
ஓடினால் மூச்சு.
நின்றுவிட்டால்
வயிற்றில் கிடக்கும் எண்ணெய்தான் கதி.

முதுநகர் கேட் மூடினால் பதினோரு நிமிடம்.
எண்ணியிருக்கிறேன்.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி. அதில்
வண்டிப்பாளையத்தின் சர்க்கரை,
செம்மண்டலத்தின் தைராய்டு,
பெயரும் வயதும் ஒட்டிய முப்பது குழாய் ரத்தம்
நாலு டிகிரியில்.
அதற்கு ஒரு முழம் கீழே
தொட்டால் தோலைப் பிடுங்கிக்கொள்ளும் உலோகம்.
நடுவில் நான், சரக்கோடு சரக்காக.

தேசிங்கு சொன்னான்:
"எழுபத்தெட்டாயிரம் ஓடின வண்டிக்கு
சின்தெடிக் ஒரு கேடா?
இதோட சீலெல்லாம் அழுக்கை நம்பித்தான் அடைச்சிக்கிட்டிருக்கு.
சுத்தமா எதையாவது ஊத்துனே,
அழ ஆரம்பிச்சிடும்."

மினரல் முன்னூற்றெண்பது, மூவாயிரம் கிலோமீட்டர்.
மாதத்துக்கு நான் ஓடுவதும் அதேதான்.
சின்தெடிக் எண்ணூற்று நாற்பது,
ஆறாயிரம் தாங்கும் என்கிறது டப்பா.
டப்பா பேச்சை நம்புகிற ஆள் இல்லை நான்,
இருந்தும் சாம்பிள் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
இரண்டு மாதத்துக்கு எண்பது ரூபாய் வித்தியாசம்.
தேசிங்கின் கூலி ஒருமுறை மிச்சம் என்றால்
முப்பது.
இந்த முப்பது ரூபாயை
ஒரு வாரம் யோசித்தேன்.

யோசனையை முடித்தது மே மாதத்து ஒரு மதியம்.
கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில்.
எண்ணெய் தண்ணீராய் இளகி
டாப்பெட் தகரம் தட்டுவதுபோல் தட்டியது.
அணைத்தேன். கேட் திறந்தது.
வண்டி எழவில்லை.
பெட்டியில் ஒரு குழாய் மேல் சிவப்பு மையில் 'அவசரம்',
பெயர் யாழிசை, வயது நான்கு.
உதைத்து உதைத்து
செருப்பு வார் அறுந்தது.
ரத்தத்துக்கு ஐஸ் வைத்துவிட்டார்கள்,
அதைச் சுமப்பதற்கு யாரும் எதுவும் வைக்கவில்லை.

பாண்டியில், நெல்லித்தோப்பில், லூர்து கடை.
"கார் ஆயிலைத் தொடாதே தம்பி,
உன் கிளட்ச் இதுலேயேதான் குளிக்குது, வழுக்கிடும்.
டப்பா முதுகுல எம்.ஏ. டூ போட்டிருக்கா பாரு."
பார்த்தேன். போட்டிருந்தது.
பதினைந்து டபிள்யூ ஐம்பது.
டபிள்யூ என்றால் குளிர்காலம் என்றார்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்,
அவர் கழுத்துத் துண்டால் முகம் துடைத்தார்.

பாண்டியிலிருந்து பையில் மறைவாக வருவது
பெரும்பாலும் வேறு ஒரு லிட்டர்.
ஆல்பேட்டையில் கைகாட்டினார்கள்.
மூடி திறந்து முகர்ந்தார் ஏட்டு,
சட்டையில் கலியமூர்த்தி என்றிருந்தது.
வெயிலுக்கு நேராய்த் தூக்கிப் பார்த்தார்,
தேன் நிறம்.
"என்னய்யா இது?"
"சின்தெடிக் சார். வண்டிக்கு."
குரலை இறக்கினார்:
"என்னோடதும் காத்துல ஆறுற வண்டிதான்.
இதைப் போட்டா கிளட்ச் வழுக்காதா?"
முதுகைத் திருப்பி எம்.ஏ. டூவைக் காட்டினேன்.
பேனா எடுத்து
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது.
பெட்டியைத் திறக்கச் சொல்லவே இல்லை.

ஊற்றியாயிற்று.
தென்பெண்ணைப் பாலத்தில் காற்று இலவசம்,
அங்கே எந்த எண்ணெயும் நல்ல எண்ணெய்தான்.
முதுநகர் கேட்டில் பதினோரு நிமிடம் நின்றேன்,
அணைக்காமல், வேண்டுமென்றே.
தட்டவில்லை.
பக்கத்தில் நின்ற மீன்கூடைக்காரர்
பெட்ரோல் வீணாகிறது என்று திட்டினார்.

தேசிங்கிடம் ஒன்றைச் சொல்லவில்லை.
ராத்திரி வண்டிக்கு அடியில்
பிஸ்கட் அட்டை ஒன்றை விரித்து வைக்கிறேன்.
செவ்வாய், ஒரு சொட்டு.
புதன், இல்லை.
இன்று விடியும்வரை மழை,
அட்டை முழுக்க ஊறிவிட்டது,
தெரியவில்லை.