ஒற்றைக்கண் டர்னிப்

அக்டோபர் முப்பத்தொன்று, வியாழன்.
டோபர்மோரி பள்ளியில்
ஆளுக்கொரு டர்னிப், ஆளுக்கொரு கரண்டி
மேசைமேல் வைத்துவிட்டு
மழைக்கோட்டைக் கழற்றினாள் இஷ்பெல் டீச்சர்.

"ஹாலோவீனுக்குப் பூசணி இல்லையா?" என்றான் இன்னிஸ்.
"உன் பாட்டனின் பாட்டன் பூசணியைப் பார்த்ததே இல்லை.
ம், குடை."

டர்னிப் லேசில் மசிகிற கிழங்கில்லை.
மூன்று கரண்டி வளைந்தது.
மோர்வனின் கட்டைவிரலில் கொப்புளம்.
மணியடிக்கும்வரை குடைந்தும்
இன்னிஸுக்கு ஒரு கண்தான் திறந்தது.

குடையக் குடையக் கேள்விகள் உதிர்ந்தன.
எதற்கு இந்த ராத்திரி?
மலையில் மேய்ந்த மாடுகள் கீழே இறங்கும் நேரம்.
கோடை முடிந்தது, இனி நீள இருட்டு,
நெருப்பு மூட்டிச் சுற்றி நின்றார்கள்.
பிறகு தேவாலயம் வந்து
அடுத்த நாளின் தோளில் புனிதர்களை ஏற்றியது,
அதற்கடுத்த நாளில் மற்ற செத்தவர்களை.

வீடு வீடாய்ப் போவது?
தெற்கே, செத்தவர்க்கு ஒரு ஜெபம் சொன்னால்
சின்னதாய் ஒரு ரொட்டி.
இங்கே, முகத்தில் கரி பூசி
அப்பாவின் கோட்டுக்குள் தொளதொளத்து
பாட்டோ விடுகதையோ சொன்னால்
கை கொள்ளும் அளவுக்குக் கொட்டைகள்.
"இப்போ பையை நீட்டினாலே போதும்"
என்றான் ஃபர்கர், பெருமையாக.

கப்பலேறிப் போனவர்கள் அமெரிக்காவில் கண்டார்கள்,
வெண்ணெய் மாதிரி வெட்ட வருகிற
பெருத்த மஞ்சள் காயை.
கிழங்கை மறந்தார்கள். யார்தான் மறக்கமாட்டார்?
அந்தக் காய் பண்டிகையோடு கடல் தாண்டித் திரும்பி
இன்று கடைவாசலில் இரண்டு பவுண்டுக்குக் கிடக்கிறது.
பரங்கி என்று நாம் பேர் வைத்தது சும்மாவா?
அந்தத் தீவுக்கும் அது பரங்கிதான்.

ஜுஸானா மட்டும் முகம் வெட்டவில்லை.
பக்கத்துக்கொரு துளை, அவ்வளவுதான்.
"போலந்தில் நாளைக்குக் கல்லறையெல்லாம் விளக்கு.
யாரும் யாரையும் பயமுறுத்த மாட்டார்கள்."
பலகையில் டீச்சர் வரைந்த காலக்கோட்டில்
அதற்கு இடமில்லை.
சாக்பீஸைக் கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தாள்.

இரவு, மேல்தெருவில் ஒரு கதவு.
திறந்தவர் கைகட்டி நின்றார்:
"என்ன செய்து காட்டப்போகிறாய்?"
இன்னிஸுக்குப் பாட்டு வரவில்லை.
விடுகதையில் விடை மட்டும்தான் ஞாபகம்.
டர்னிப்பை உயர்த்தி,
"இதைக் குடைய மத்தியானம் முழுக்க ஆச்சு" என்றான்.

மெழுகுவத்தி மூடியைச் சுட்டு
வெந்த கிழங்கு நாற்றம் எழுந்தது.
அவர் குனிந்து மோந்தார்,
இன்னொரு தடவையும் மோந்தார்.

பையில் விழுந்தது வேர்க்கடலை.
சாக்லேட் இல்லை.
காற்றில் சிமிட்டிக்கொண்டே
ஒற்றைக்கண் அடுத்த வீட்டுக்கு நடந்தது.