காயாத ஏரி

வியாழன் இரவு ஏழரை.
பூன் லே சமூக மன்றம், மூன்றாம் மாடி.
கீழே பூப்பந்து அடிக்கிறார்கள்,
மேலே நாங்கள் ஒன்பது பேர்
ஒரே மலையை வரைகிறோம்.

பனிமலை. பக்கத்தில் ஏரி.
மாதிரிப் படத்தைப் பலகையில் ஒட்டிவிட்டுத்
திருமதி குவெக் சொன்னது ஒன்றுதான்:
"வெள்ளைச் சாயம் வாங்க வேண்டாம்.
பனியை வரையாதீர்கள். விட்டுவிடுங்கள்."

விடுவது எவ்வளவு சிரமம் என்று
தூரிகை பிடித்த பிறகுதான் தெரிகிறது.
சிகரத்தின் ஓரம் ஒரு கோடு,
அதைச் சரிசெய்ய இன்னொன்று.
போன வாரம் இப்படித்தான்
ஒரு மலை முழுதும் சாம்பலானது.

சுபைதா ஹொக்கைடோ போய்வந்தவர்.
பனி பஞ்சு மாதிரி என்றார்.
மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் என்றும் சொன்னார்.
நான் பனியைப் பார்த்ததில்லை.

ஆனால் குளிரைத் தெரியும்,
பதினோரு வருடமாக.
ஜூரோங் குளிர்கிடங்கு, நான்காம் அறை,
மைனஸ் இருபத்தைந்து.
இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்காதே என்று
நான்கு மொழியில் எழுதியிருக்கும்.
அங்கே பேனா எழுதாது, பென்சில்தான்.
மூக்குமயிர் ஊசியாகும்.
உறைந்த தெங்கிரி மீன்கள்
விறகு மாதிரி மோதிக்கொள்ளும்.
கதவு திறந்ததும் வெளிக்காற்று உள்ளே விழுந்து
வெண்புகையாகும். அதைத் துளைத்து
ஃபோர்க்லிஃப்ட் விளக்கு வரும்போது
நிழலெல்லாம் நீலம்.

அந்த நீலத்தைத்தான் தேடினேன்.
கோபால்ட் ஒரு துளி,
ஊதா அரைத் துளி,
மிச்சமெல்லாம் தண்ணீர்.
மலையின் இடத்தோளில் வைத்தேன்.
திருமதி குவெக் என் பின்னால் வந்து நின்றார்.
அவர் யார் பின்னாலும் அதிகம் நிற்பவர் அல்ல.

இனி ஏரி.
அது காய்ந்த பிறகுதான்
மலையைத் தலைகீழாக உள்ளே இறக்க வேண்டும்.
காய்வதாவது!
வெளியே மழை கட்டி நிற்கிறது,
காற்றில் பாதி தண்ணீர்.
ஏரி எப்போது வற்றும் என்று காத்திருக்கும் ஒன்பது பேரை
இந்த ஊரில்தான் பார்க்கலாம்.
இருப்பது ஒரே முடியுலர்த்தி,
எனக்கு முன்னால் நால்வர்.
பொறுக்கவில்லை. வைத்துவிட்டேன்.
மலை தண்ணீருக்குள் வேர்விட்டு
வேர்விட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

பேருந்தில் தாளை மடியில் படுக்கவைத்து வந்தேன்.
சாய்த்தால் ஏரி மலையேறிவிடும்.

"எந்த நாடுப்பா இது?" என்றாள் தியாஷினி.
"நான்காம் அறை" என்றேன்.
கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு,
"அப்போ மீன் எங்கே?" என்றாள்.
பதில் வருவதற்குள்
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டிவிட்டாள்.

நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
மலைக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
ஏரியைத் தொட்டுப் பார்த்தேன்.
விரல் நுனியில் கொஞ்சம் நீலம்.
காலை ஷிப்டுக்கு
இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.