கித்னா?

ஏழு ஐம்பத்திரண்டு அம்பர்நாத் ஃபாஸ்ட்.
டோம்பிவிலியில் நான் ஏறும்போதே
உட்கார்ந்தபடி புருவம் தூக்குவார் பெட்னேகர்:
கித்னா?
ஒன்பது, என்பேன்.
பஸ்ஸில் சில்லறை கைமாறுவதுபோல
ஒன்பது, ஒன்பது என்று
கதவோரம் தொங்குகிறவன்வரை போய்ச்சேரும்.

இர்ஷாதுக்கு மசாலா மண்டியில் வேலை.
சட்டைப் பையிலிருந்து ஏலக்காய் எடுத்துத் தருவான்,
எண்ணி, இரண்டே இரண்டு.
ஷிண்டேயின் மனைவியை நான் பார்த்ததே இல்லை.
வறுத்த சோம்பு பொட்டலம் கட்டி அனுப்புகிறாள்.
ஆபீஸ் வாசல் பான்கடைக்காரன் மட்டும்
ஊருக்குப் போயிருந்தீரா சேட், என்றான்
வாடிய முகத்தோடு.

பதினொன்றாம் நாள் சாயங்காலம்
குர்லா பாலத்தில் மழைக்கு ஒதுங்கினேன்.
பக்கத்தில் நின்றவனிடம் ஒன்று கேட்டேன்.
காற்றுக்குக் கை குவித்து
நெருப்பும் அவனே பிடித்தான்.
அத்தனை அக்கறையாக
யாரும் என்னைக் கெடுத்ததில்லை.

மறுநாள்.
கித்னா?
பன்னிரண்டு நாக்குநுனியில் தயாராக நின்றது.
ஒரு விரலைக் காட்டினேன்.
ஒரு நாளா, ஒரு சிகரெட்டா,
எவரும் கேட்கவில்லை.
எண் கைமாறவும் இல்லை.
இர்ஷாத் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

தானே தாண்டியதும்
பெட்னேகர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.
நாலு வருஷத்தில் ஒருமுறையும்
யாருக்கும் விட்டுத்தராத ஜன்னலோரம்.
பைட், என்றார்.

காஞ்சுர்மார்க் பக்கம்
உப்புச் சேறும் சாக்கடையுமாய் ஒரு வாடை
முகத்தில் வந்து அறைந்தது.
இத்தனை வருஷமும் இது இங்கேயேதான் இருந்ததாம்.
மூக்கை மூடிக்கொள்ளவில்லை நான்.