பதினேழாம் எண்

வாசலில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் தாள்கள்.
வழிகாட்டி கிடையாது,
தாளை எடுத்துக்கொண்டு நீங்களே நடக்கவும்
என்கிறது பலகை.
பென்சிலைக் கட்டிவைத்த நூல் இருக்கிறது.
பென்சில் இல்லை.

வேப்பனப்பள்ளியிலிருந்து வேன் இரண்டு நடை அடித்தது.
நாற்பத்தொரு பிள்ளைகள், நான்,
விளையாட்டு வாத்தியார் குப்புராஜ்.
அவர் விசிலை வாயில் வைத்தார்.
இங்கே வேண்டாம் சார் என்றேன்.
மரத்துக்குக் காது வலிக்குமா என்று சிரித்தார்,
ஆனாலும் பையில் போட்டுக்கொண்டார்.

நாலு நாலு பேராகப் பிரித்ததில்
முனிலட்சுமி மிச்சம்.
ஏதாவது ஒரு குழுவோடு ஒட்டிக்கொள் என்பதற்குள்
தாளோடு போயே விட்டாள்.

பிள்ளைகள் இல்லாமல்
ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை வருஷம்.
எதிரே கோட்டை மலை,
நேற்றைய மழையில் பாறையெல்லாம் கறுத்து.
உள்ளிருந்து கத்தல் வந்தபோது பயந்தேன்.
கத்தல் நின்றபோது அதைவிடப் பயந்தேன்.

முதல் தாள் வந்தது.
எண் பதினொன்று:
இம்மரத்தை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?
சிந்த செட்டு என்று பவ்யஸ்ரீ.
அடியில் கெம்பராஜ், ஹுணசே.
தமீம், இம்லி.
ஓரத்தில் யாரோ, அழித்து அழித்து,
புளி?
கேள்விக்குறியோடு.

போன ஜூலையில்
சிந்த என்று சொன்ன இதே பவ்யஸ்ரீயை
புளி, புளி என்று இருபது தடவை எழுதவைத்தவள் நான்.
பல் கூசியது.
சிவப்புப் பேனாவைத் திறக்கவில்லை.

பதினேழுக்கு வந்த விடைகள்தான் குழப்பம்.
கேள்வி இவ்வளவுதான்: கைகோத்து மரத்தைக் கட்டிப்பிடியுங்கள்.
எத்தனை பேர் தேவை?
ஒரு தாளில் பூஜ்யம்.
ஒன்றில், மரம் ஆப்சென்ட்.
ஒன்றில், நாலு பேர், ஆனா நடுவுல தவளைக்குஞ்சு.

மணி பன்னிரண்டரை.
புளிசாதப் பொட்டலங்களைப் பிரிக்கும் முன் எண்ணினேன்.
நாற்பது.
மறுபடி எண்ணினேன். நாற்பது.
குப்புராஜ் பைக்குள் கை விட்டார்.
இருங்க சார், நான் பார்க்கிறேன் என்று
நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன்.

எண்களைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
நாலில் இலையைக் கசக்கி முகரச் சொன்னது தாள்.
போகிற போக்கில் முகர்ந்தேன், ஏனென்று தெரியாது.
ஒன்பதில் கண்ணை மூடச் சொன்னது.
எப்படி மூடுவேன்.
பதினாலில் செருப்பு அறுந்தது.

பதினேழில் பலகை மட்டும் நிற்கிறது.
வேரோடு போன மரத்தின் குழி,
குழியில் கலங்கல் தண்ணீர், ஒரு பிஸ்கட் உறை,
கரையில் முனிலட்சுமி
இரண்டு கையையும் விரித்தபடி.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
கை எட்டல மிஸ், என்றாள்.
ஒவ்வொரு மரத்திலும் நின்று நின்று வந்திருக்கிறாள்,
மற்றவர்களெல்லாம் தாண்டிப்போன பிறகு.
யாராவது வருவாங்கன்னு இருந்தேன்.

அந்தப் பக்கம் போய்க் கை கொடுத்தேன்.
ஒரு கை கோத்தது.
மறு கை கோக்கவில்லை.
சேற்றில் கால் வழுக்க வழுக்க
இல்லாத ஒன்றைச் சுற்றி
கொஞ்ச நேரம் நின்றோம்.

இது என்ன மரம் மிஸ்?

பலகையில் பெயர் இருந்த இடத்தில்
வெயில் தின்ற வெள்ளை.
நாவலா, இலுப்பையா, மருதா,
குழியைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது.
தெரியல முனி, என்றேன்.
பதினாறு வருஷமாக வகுப்பில்
ஒருமுறைகூட வாயில் வராத சொல்.

அவள் முழங்காலில் தாளை வைத்து
நிதானமாக எழுதினாள்.
எத்தனை பேர்: ரெண்டு. பத்தல.
மரத்தின் பெயர்: மிஸ்ஸுக்கும் தெரியல.

தூரத்தில் குப்புராஜ்
விசிலை ஊதியே விட்டார்.
குழிக்குள் தலைப்பிரட்டைகள் அத்தனையும்
ஒரே சமயத்தில் திரும்பின.