முதல் எதிரி

புகார், கம்பெனி லெட்டர்பேடில் வந்தது.
மூலையில் சிவப்பாக ஓர் இறால்.
"மேற்படி நபர்கள் நள்ளிரவில் மதகுப் பூட்டை உடைத்து
அராஜகம் செய்தனர்."

மேற்படி நபர்கள் முப்பத்தேழு பேர்
சேறு காயாத கால்களோடு வந்து நிற்கிறார்கள்.
ஸ்டேஷன் புங்கமரத்து நிழல் பாதிப் பேருக்குத்தான் எட்டியது.

நான் ரைட்டர். படிவத்தில் முதல் கட்டம்:
எதிரி எண் ஒன்று.
இரண்டிலிருந்து ஆரம்பிக்க வழியில்லை.

"யாருய்யா உங்க தலைவர்?"
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
எதையோ ஒளிக்கிற மௌனம் எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.
இது கேள்வி புரியாத மௌனம்.

"சரி, பூட்ட ஒடச்சது?"
"துருப்பிடிச்சுக் கெடந்துச்சு சார், கைய வெச்சேன்" – சாமியப்பன்.
"கிரீஸ் நான் கொண்டாந்தது" – டிராக்டர் மெக்கானிக் அசன் குத்தூஸ்.
"டார்ச் மட்டும்தான் சார் நான்" – லூர்து.
"நான் வேணாம்னுதான் சொன்னேன்" – மரகதவல்லி.
"ஷட்டர் பாதியில சிக்கிக்கிச்சு. பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

அரிச்சந்திரா ஆற்றின் கடைசி வாய்க்கால் அது.
பொய் சொல்லத் தெரியாதவன் பேர் வைத்த ஆறு
அட்டவணையில் வரும், வாய்க்காலில் வராது.
மதகுச் சாவி லஸ்கரிடம் இருக்க வேண்டும்.
அது பண்ணை மேலாளர் மேசையில்
ரசீதுகள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தது.
குளத்து உப்பைத் தணிக்க நல்ல தண்ணீர் வேண்டுமாம் இறாலுக்கு.
இறால் கப்பலேறுகிறது. வாய்க்காலும்
கொஞ்சம் கொஞ்சமாக அதோடு.

முறை போட்டது யாராம்?
பனங்கொட்டையில் பேரைக் கீறி
குடத்தில் குலுக்கி எடுத்திருக்கிறார்கள்.
காலனித் தெருவின் முக்கால் மாவுக்கு முதல் தண்ணீர் விழுந்ததும்
மேலத்தெருவில் இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள்.
ஒருவர் மறுநாள் வந்துவிட்டார்.
மற்றவர் இன்னும் வரவில்லை.
அவர் முறையன்று அவர் வயலிலும்
தண்ணீர் நின்றிருக்கிறது.

ஐந்தாம் ராத்திரி சிங்காரவேலு தூங்கிப்போனான்.
வயல் நிறைந்து வழிந்து, பாதி இரவுத் தண்ணீர் கடலுக்கு.
கைகலப்பு. சட்டை கிழிந்தது, ஒரு பல்லும் ஆடியது.
அபராதம் என்றார் யாரோ.
யார் வாங்கி, யார் வைத்துக்கொள்வது என்றார் இன்னொருவர்.
அதோடு விட்டுவிட்டார்கள்.
இனிமேல் அவனை எழுப்பிவிடுவது பக்கத்து வயல்காரி பொறுப்பு.

"தல இல்லாம ஒடம்பு நடக்குமாய்யா?"
இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
வயல் நண்டு நடக்கும் சார் என்று
நாக்கு வரை வந்தது.
சர்வீஸ் இன்னும் ஆறு வருஷம் கிடக்கிறது.

இரவு, செல்போன் அகராதியில் தேடினேன்.
அராஜகம்: அரசன் இல்லாத நிலை.
என் மேசைக்கு வந்த புகார்களில்
பொருட்பிழை இல்லாதது இது ஒன்றுதான்.

இதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது:
என் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த ஒரு மா
அதே வாய்க்காலில், கடைசிக்கு முந்தியது.
குடத்துக்குள் அவள் பேரும் கிடந்திருக்கிறது.
வியாழன் விடிகாலை மூன்று முதல் நாலேகால்.

லுங்கியோடு போனேன்.
மடையில் லூர்து. சல்யூட் இல்லை.
"சார்" என்று தொடங்கிப் பாதியில் விழுங்கி
மண்வெட்டியை நீட்டினான்.
"வரப்புல நண்டுப் பொந்து ஒண்ணு இருக்கு, மிதிச்சு விடுங்க."
மிதித்தேன்.
கொஞ்சம் தள்ளி வேறொரு பொந்தில்
தண்ணீர் குமிழியிட்டது. அதையும் மிதித்தேன்.

நாலேகாலுக்கு வரப்பின் மேல் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது.
முகம் தெரியவில்லை.
மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் கேட்பார்.
முதல் கட்டம் காலியாகவே இருக்கிறது.
நகக்கண்ணெல்லாம் சேறு.
பேனா வழுக்குகிறது.